லுங்கிச் சண்டையும் லூர்தம்மாவும்

செங்கல்பட்டில் ஒரு தியேட்டர். வெள்ளிக்கிழமை, பகல் காட்சி. திரையில் கல்யாண மண்டபச் சண்டை. கதாநாயகனின் லுங்கி மண்டபத்து இரும்பு கேட்டில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டது. அவன் பந்தியிலிருந்து ஒரு தலைவாழை இலையை உருவி இடுப்பில் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் அடியாட்களைப் பந்தாடிக்கொண்டிருந்தான். இலையில் ஓர் அப்பளம் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை உதையிலும் அது உடையவில்லை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார்.

அடுத்த காட்சியில் அதே கதாநாயகன், தன்னைப் பிடிக்கவில்லை என்று சொன்ன கதாநாயகியின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். விசில் பறந்தது. எனக்குச் சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று. அப்போது இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து ஒரு பெண் குரல் சத்தமாகக் கேட்டது.

"த்தூ. இவன செருப்பால அடிக்க ஒருத்தி இல்லியா இந்த ஊர்ல?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது ஒருமுறைகூட என்னிடம் பேசியதில்லை. என் மாமியார் லூர்தம்மா. எங்கள் பங்குக் கோயில் மாதர் சபையின் தலைவி. அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை வேறு.

நான் சீட்டில் சரிந்து, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

ஃபிரிட்ஜோடு பேச்சு

சென்ற வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "மாமியார் உங்களை ஏற்றுக்கொண்டாரா இல்லையா, அதைச் சொல்லாமல் சாப்பாட்டு மெனுவைச் சொல்லியிருக்கிறீர்களே" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். அதற்குத்தான் இந்த வாரம்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கருங்குழிக்காரி. நிலபுலன் இருந்து, பிறகு லாரிக்கு மாறிய குடும்பம். அருள் திருக்கழுக்குன்றத்துக்காரன், கிறிஸ்தவன், மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அவன் வீட்டார் போன தலைமுறை வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதும் என் வீட்டார் என்னைக் கைகழுவிவிட்டார்கள். அருளின் அம்மா கைகழுவவில்லை. ஆரத்தி எடுத்தார், சோறு போட்டார், பீரோவில் பாதி இடம் ஒதுக்கினார். பேச மட்டும் மாட்டார்.

அதாவது, பேசுவார். ஃபிரிட்ஜிடம் பேசுவார்.

"கேஸ் தீரப்போவுது" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். நான் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். "மானம் கறுத்துகினு வருது, மாடில துணி கீது" என்பார். நான் ஓடுவேன். திரும்பி வந்து நானும் ஃபிரிட்ஜிடமே, "எடுத்துட்டேன்" என்பேன். நடுவில் அது உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"விடு வேதா, அம்மா அப்டித்தான்" என்பான் அருள். அவனுக்கென்ன, அவனிடம் நேராகப் பேசுகிறார்கள். பெற்றவர்களை விட்டு வந்தவள் நான். அம்மா என்று கூப்பிட ஆள் இல்லாத ஊரில், இந்த ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஏக்கம் இருந்தது என்பதை அவனுக்குப் புரியவைக்கவே முடியவில்லை.

குறை காண்பது என் தொழில்

நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலில் எந்தக் கால் சாய்ந்திருக்கிறதோ, கண் முதலில் அங்கேதான் போகும்.

இப்படிப்பட்டவள் மட்டமான மசாலா காமெடிப் படங்களுக்கு எப்படி அடிமையானாள் என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தோளில் வலப்பக்கம் குண்டு பாயும், கட்டு இடப்பக்கம் இருக்கும். கதாநாயகிக்குப் பெயர் உண்டு, வேலை கிடையாது. நாலு சுமோ காற்றில் பறக்கும், நாலிலும் டிரைவர் இருக்கமாட்டார். இரட்டை அர்த்த வசனம் என்பார்கள். பல இடத்தில் ஒரே அர்த்தம்தான், அதுவும் ஆபாசமானது. எல்லாம் எனக்குத் தெரிகிறது. ஒரு படத்தில் நாற்பத்தொரு பிழை எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கொண்டேதான் சிரித்தேன்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்த அன்றே மதுராந்தகத்துக்கு என்னைப் படத்துக்குக் கூட்டிப்போவார். சண்டை, சிரிப்பு, கொஞ்சம் அசிங்கம், இது மூன்றும் இல்லாத படத்தை அவர் படம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். அசிங்கமான இடம் வந்தால் மட்டும், "குனிஞ்சி உன் செருப்பப் பாரு" என்பார். நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பாதி வசனம் புரியாமலேயே, அப்பா சிரிக்கிறாரே என்று நானும் செருப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. அது இன்னொரு வாரத்துக்கான விஷயம், அதற்கு எனக்குத் தைரியம் வர வேண்டும்.

எதையும் மன்னித்து ரசிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். குண்டாக இருக்கிற பெண்ணைக் காட்டிச் சிரிக்கச் சொன்னால் எனக்கு எரியும். அந்த அறை விழுந்தபோதும் எரிந்தது. வீட்டில் ஒருவர் சமைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வதில்லையா, அப்படித்தான்.

சவுக்குத் தோப்பில் விழுந்தவர்

இந்த மாதிரிப் படங்களை ஒரேயடியாகக் கேவலம் என்று சொல்ல என்னால் முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் அருளைப் பார்க்க மாமல்லபுரம் போயிருந்தேன். கடலோரச் சவுக்குத் தோப்பில் ஷூட்டிங். கதாநாயகன் குடைக்கு அடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். அடியாள் வேஷத்தில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மரக்கிளையிலிருந்து மணலில் குப்புற விழ வேண்டும்; விழும்போது காற்சட்டை கிழிய வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தார். ஒருமுறை காற்சட்டை கிழியவில்லை. ஒருமுறை விழுவதற்கு முன்பே கிழிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் எழுந்து மணலைத் துப்பிவிட்டு, "இன்னொன்னு போலாம் சார்" என்றார். வேடிக்கை பார்த்த மீனவப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "அண்ணாத்த, ஒடம்புக்கு ஆவாதுபா, உடுபா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "இந்த எடத்துல தியேட்டரே சிரிக்கும்மா" என்றார்.

படம் வந்ததும் போய்ப் பார்த்தேன். மூன்று விநாடி இருக்கும். தியேட்டரே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

திருநீற்றுப் புதன் வாக்கு

தவக்காலம் என்றால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். வெள்ளிக்கிழமை கறி கிடையாது. அதோடு ஆளுக்கொரு பிரியமான பொருளையோ பழக்கத்தையோ நாற்பது நாளும் விட்டுவிட வேண்டும்; ஒறுத்தல் என்பார்கள். எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மாலை செபம் முடிந்ததும் யார் எதை விடுகிறார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் விருந்தில் காப்பாற்றினோமா இல்லையா என்றும் சொல்ல வேண்டும்.

அருள் சிகரெட்டை விட்டான். அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது என்பது வேறு விஷயம். மாமியார் டீயை விட்டார். அவருடைய நாத்தனார், நாங்கள் பெரியத்தை என்று கூப்பிடுவோம், இனிப்பை விட்டார்; அவருக்குச் சர்க்கரை நோய். என் முறை வந்ததும், சினிமா என்றாலே முகம் சுளிக்கிறவர் என்று நான் நினைத்திருந்த மாமியாரின் மனத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்ற பேராசையில், "சினிமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

சொன்ன மூன்றாம் வாரம் அந்த லுங்கி நாயகனின் படத்துக்கு மூன்றாம் பாகம் வருகிறது என்று போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். முதல் இரண்டு பாகத்தையும் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் இந்தத் தொடரையே நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்தேன். பிறகு ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு, நாவலூர்ப் பக்கம் போகாமல் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மாமியார் முந்தின நாளே ஃபிரிட்ஜிடம் சொல்லியிருந்தார்: "நாளைக்கு செங்கல்பட்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்."

வெளியே வெயில்

படம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவரும் அதே திட்டத்தில் இருந்திருக்கிறார். வாசலில் முட்டிக்கொண்டோம். வெயிலில் இருவருக்கும் கண் கூசியது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேசுவதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரு தூண் இருந்தது. அதைப் பார்த்து வாயைத் திறந்தவர், அதில் ஒட்டியிருந்த போஸ்டரில் வாழை இலையோடு கதாநாயகன் நிற்பதைக் கண்டு மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஆபீசு இங்கியா கீது?"

இரண்டு வருஷத்தில் எனக்கே எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கண்ணாஸ்பத்திரி இங்கதான் இருக்குதா அத்தை?"

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது பார்ட் அளவுக்கு இல்ல" என்றார்.

"இல்லவே இல்ல அத்தை. அதுல அந்த ஆட்டோ சீன் ஒண்ணு போதும்."

"ஆடு ஆட்டோவ ஓட்டிகினு வருமே, அதான? அன்னிக்கு எனக்கு மூச்சே நின்னுபூடும்னு பாத்தேன்."

"எப்போ பார்த்தீங்க? நம்ம வீட்லயா?"

"போன்ல. காதுல மாட்டிகினு."

நான் அசந்துபோய்விட்டேன். சாயங்காலங்களில் அவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, திரையைக் கவிழ்த்தாற்போல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செபமாலை கேட்கிறார் என்று நான் டி.வி. சத்தத்தைக் குறைப்பேன். சில நாள் தோள் குலுங்கும். மறைந்த மாமனாரை நினைத்து அழுகிறார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியிருக்கிறது.

சேற்றில் நின்றவர்கள்

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்த அரை மணி நேரமும் படத்தைப் பிரித்து மேய்ந்தோம். பூட்டு ரிப்பேர் கடைக் காட்சியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த அறையைப் பற்றிச் சொன்னதை எழுதலாம்.

"அந்த எடத்த மட்டும் வெட்டிக் கடாசிட்டா நல்ல படம். பொண்ண அடிச்சா இன்னாத்துக்கு விசிலு? எங்க காலத்துல நடவு வயல்ல ஒருத்தன் அப்டிக் கைய ஓங்கினான். நாங்க பத்துப் பேரு சேந்து பாட்டுக் கட்டிட்டோம் அவன் மேல. ஊர உட்டே ஓடிட்டான்."

"என்ன பாட்டு அத்தை?"

அவர் முன் சீட்டைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார், என் காதருகில் குனிந்து இரண்டு வரி பாடினார். எனக்குப் புரையேறி, கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் பார்த்துவிட்டு வந்த படத்தின் வசனகர்த்தா அந்த இரண்டு வரியைக் கேட்டிருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.

"சேத்துல நின்னுகினு நாள் பூரா குனிஞ்சிருப்போம். சிரிக்காட்டி இடுப்பு நிமிராது. சத்துணவு வேல கெடச்சி, சபைல தலைவி ஆனப்பறம் வாயக் கட்டிட்டேன். யார்கிட்டயும் இப்டி பேச முடில."

எனக்குத் துணிச்சல் வந்தது. "என்கிட்டயாவது பேசியிருக்கலாமே அத்தை. ரெண்டு வருஷமா நான் ஃபிரிட்ஜ்கூட வாழ்ந்துக்கினு இருக்கேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாங்க சேத்துல நிக்க சொல்லோ வரப்புல நின்னுகினு இருந்தாங்க உங்க மாதிரி வூட்டு ஆளுங்க. நிமிந்து பாத்து பேசினதில்ல. இப்ப அந்த வூட்டுப் பொண்ணு என் சமையக்கட்டுல நின்னுகினு வெங்காயம் அரியுது. உன்ன அதிகாரம் பண்றதா, உனுக்கு அடங்கிப் போறதா, இன்னான்னு பேசறது சொல்லு. வாயத் தொறந்தா எது வருமோன்னு பயம். ஃபிரிட்ஜின்னா ஒண்ணும் நெனச்சிக்காது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற வரை அவர் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போனதும் நேராக ஃபிரிட்ஜிடம் போய், "தலவலி, ஒரு சுக்குத் தண்ணி போட்டா தேவல" என்றார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தை அவர்தான் நடத்தினார். ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிக்கும்போது நிஜமாகவே அழுதார். பகலில் சிரித்ததும் நிஜம்தான். எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

ஈஸ்டர் பிரியாணி

பிறகு இரண்டு வாரமும் ஃபிரிட்ஜ்தான். ஈஸ்டர் மதியம் பெரியத்தை வீட்டார் வந்திருந்தார்கள். பிரியாணி பரிமாறியாயிற்று. பெரியத்தை வரிசையாக ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, நாப்பது நாளு சினிமா பாக்காம தாக்குப் புடிச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தேறாததைத் தேறியது என்று அறிக்கை எழுதினால் வேலை போய்விடும் தொழிலில் இருந்து பழகிவிட்டேனா, வாய் தானாக, "இல்லைங்க. ஒரு படம் பார்த்துட்டேன்" என்றது.

"எந்தப் படம்?"

சொன்னேன். அருளின் வாயருகே போன கறித்துண்டு அங்கேயே நின்றது. அந்தப் போஸ்டர் ஒட்டாத சுவர் ஊரில் இல்லை.

"அந்தத் துணியில்லாத பயல் படமா? தவக்காலத்துல?" பெரியத்தை தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன் லூர்து. வெளில இருந்து எடுத்தா இப்டித்தான் ஆவும். இந்து வூட்டுப் பொண்ணுக்கு ஒறுத்தல்னா இன்னா தெரியும், ஒசந்த வூட்டுப் பொண்ணுக்கு நம்ம கோயிலுன்னா எளக்காரம்தான."

எழுந்து உள்ளே போய்விடலாம் என்று தட்டைக் கையில் எடுத்தேன்.

மாமியார் கையில் தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றார். அவர் விட்டது டீயை மட்டும்தான்; அதைக் காப்பாற்றியிருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்க முடியாது.

"அது வரமாட்டேன்னுதான் சொல்லிச்சி. நான்தான் இட்டுகினு போனேன்" என்றார்.



"நீயா?" என்றார் பெரியத்தை. "மாதர் சபைக்குத் தலைவி நீ."

"ஆமா. தலைவி சிரிக்கக் கூடாதுன்னு எங்க எழுதி கீது?"

"நான் பங்குச் சாமியார்கிட்ட சொல்லுவேன்."

"நானே சொல்லிக்கிறேன். பச்சடி போட்டுக்க, ஆறிப்போவுது பிரியாணி."

பெரியத்தை சொல்லாமல் விடவில்லை. இரண்டு மாதத்தில் தலைவி பொறுப்பு அவரிடமே போய்ச் சேர்ந்தது. எத்தனையோ வருஷம் மாமியார் கட்டிக்காத்த பெயர் அது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைபட்டதில்லை.

எல்லோரும் போனபிறகு பின்கட்டில் பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவர் தேய்க்க, நான் அலம்பினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததை மறைக்க ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.

"ஈஸ்டர் அன்னிக்குப் போய்ப் பொய் சொல்லிட்டீங்களே அத்தை."

அவர் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இன்னா பொய்யி? நாளைக்கு மேட்னிக்கு இட்டுகினு போறேன். அப்ப நெஜமாயிடும்."

கதவருகே அருள் நின்றிருந்தான். "அம்மா, நாளைக்கு எனக்கும் லீவுதான். நானும் வரட்டா?"

"நீ வேணாம். சண்ட நடக்க சொல்லோ அது எப்டி, இது எப்டின்னு லாஜிக் கேட்டு உயிர எடுப்ப. நானும் வேதாவும் போய்க்கிறோம்."

அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.